ஒரே எண்ணா, ஒரே கம்பெனியா, ஊதாவா? பழைய கண்ணாடி இன்சுலேட்டர் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு

கொலம்பஸ் நகரத்துக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர் போன மாதம் போன் செய்தார். பக்கத்துச் சிற்றூரில் ஒரு பழம்பொருள் கடை. அங்கே தூசி படிந்த தட்டில் இரண்டு கண்ணாடிகளைப் பார்த்திருக்கிறார். கவிழ்த்து வைத்த டம்ளர் போல வடிவம், வெளிர் நீலப்பச்சை நிறம், உள்ளே மரை. ஒன்று 12 டாலர். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் மனைவி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதுல தண்ணியும் குடிக்க முடியாது, பூவும் வைக்க முடியாது, அப்புறம் எதுக்கு?” என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். என் வீட்டிலும் பதினொரு வருஷமாக அது கேட்கப்பட்டு வருகிறது.

தம்பியின் கேள்வி வேறு. “அண்ணே, இதைச் சேர்க்கலாம்னு இருக்கேன். வருஷத்துக்கு 300 டாலர் ஒதுக்கலாம். கிழக்கு ஜன்னல்ல 4 அடி தட்டு ஒண்ணு இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?” போனில் ஏதேதோ உளறி வைத்தேன். உட்கார்ந்து யோசித்துச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

முதலில், இது என்ன பொருள் என்று தெரியாதவர்களுக்கு நாலு வரி. நம் ஊர்க் கம்பங்களில் கம்பியைத் தாங்கி உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பீங்கானைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலையை வட அமெரிக்காவில் தந்திக் கம்பங்களிலும் டெலிபோன் கம்பங்களிலும் பெரும்பாலும் கண்ணாடி செய்தது. மோர்ஸின் தந்தி 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே ஓடியது. அதற்கடுத்த இருபது வருஷம், கண்ணாடியை மரமுளை மேல் சும்மா கவிழ்த்துத்தான் வைத்தார்கள். காற்றடித்துக் கம்பி மேலே இழுத்தால் கண்ணாடியும் கூடவே கழன்று வந்துவிடும். 1865 ஜூலை 25 அன்று லூயி கோவே என்பவர் கண்ணாடிக்குள்ளேயே மரை அமைப்பதற்குக் காப்புரிமை பெற்றார். முளையிலும் மரை, கண்ணாடியிலும் மரை, திருகினால் தீர்ந்தது. அதற்கப்புறம் நூறு வருஷம் இந்தக் கண்ணாடிகளை அச்சில் அழுத்தி அழுத்திக் கோடிக்கணக்கில் தள்ளினார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஒரு டாலருக்கும் கிடைக்கிறது, ஆயிரக்கணக்கான டாலருக்கும் விற்கிறது.

இத்தனை வகை இருப்பதால் அடையாளம் சொல்ல ஒரு முறை தேவைப்பட்டது. உட்வர்ட் என்ற சேகரிப்பாளர் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு எண் கொடுத்தார். ‘கன்சாலிடேட்டட் டிசைன்’ என்பதன் சுருக்கமாக அதை சி.டி. எண் என்கிறார்கள். இந்த எண் வடிவத்துக்கு மட்டுமே உரியது. எந்தக் கம்பெனி, என்ன நிறம் என்பதெல்லாம் அதில் வராது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்வது முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

தொடங்குகிறவர் முன்னால் நாலு பாதை உண்டு. ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டு அதில் கிடைக்கிற கம்பெனிகளையும் நிறங்களையும் சேர்க்கலாம். ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டு அது செய்த வடிவங்களைத் தேடலாம். ஊதா போல ஒரு நிறத்தின் பின்னால் போகலாம். இல்லையென்றால் 1865-க்கு முந்தைய, மரையே இல்லாத பழசுகளை வேட்டையாடலாம்.

கடைசியில் சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். மரையில்லாதவை அழகுதான், அதில் சந்தேகமில்லை. கண்ணாடி கோணல்மாணலாக இருக்கும், கரும்பச்சையும் நீலமும் புகைபோல ஓடும். வேட் வகை என்று ஒன்று, கண்ணாடிக்கு மேல் மரத்தொப்பி மாட்டித் தார் பூசியிருப்பார்கள். ஆனால் சாதாரண மரையில்லாதவை ஒன்றிரண்டு வாங்கினாலே தம்பியின் ஒரு வருஷப் பணம் கரைந்துவிடும். பாவாடை, அதாவது கண்ணாடியின் விரிந்த கீழ்ப்பகுதி, ஓரம் உடைந்ததை ரெசின் வைத்து ஒட்டி நிறம் தீட்டியவையும் அந்த விலையில் உலவும். அனுபவசாலி ஒருவர் துணைக்கு வராமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். பத்து வருஷம் கழித்துப் பார்க்கலாம்.

ஒரே எண்: சி.டி. 154

ஒரு வடிவம் என்றால் எந்த வடிவம்? நான் சொல்வது சி.டி. 154. ஹெமிங்க்ரே-42 என்ற பெயரில் இதை எல்லோருக்கும் தெரியும். உயரம் சுமார் 4 அங்குலம், அடி அகலம் மூன்றேகால் அங்குலம். தம்பியின் நாலடித் தட்டில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தால் ஒரு வரிசைக்குப் பதின்மூன்று உட்காரும். அமெரிக்கப் பழம்பொருள் கடைகளில் எதேச்சையாகக் கண்ணில் படும் இன்சுலேட்டர் பெரும்பாலும் இதுதான். அதனால்தான் பழைய சேகரிப்பாளர்கள் ‘அட, 42-ஆ’ என்று உதட்டைச் சுழிப்பார்கள். அந்தச் சுழிப்பு நமக்கு நல்லது, விலை ஏறாமல் இருக்கிறது.

நான் எழுதுகிற மேசையில் இப்போது இரண்டு 42 இருக்கின்றன. ஒன்று நீலப்பச்சை, இன்னொன்று பனிக்கட்டியில் ஒரு சொட்டு நீலம் கலந்த மாதிரி. முன்பக்கம் இரண்டிலும் கம்பெனிப் பெயரும் 42-ம் புடைத்த எழுத்தில். திருப்பினால் ‘மேட் இன் யு.எஸ்.ஏ.’. இரண்டாவதன் பின்னால் எழுத்துக்குக் கீழே 23, ஒரு கோடு, 48, அதற்கப்புறம் புள்ளிகள். இடது பக்கம் இருப்பது அச்சின் எண், வலது பக்கம் அந்த அச்சு செய்த வருஷம். அடுத்த ஒவ்வொரு வருஷமும் அந்த அச்சைத் தூக்கிப் போடாமல் பயன்படுத்தினால் ஒரு புள்ளி சேர்ப்பார்கள். என்னுடையதில் மூன்று புள்ளி, ஆக 1951. புது அச்சு வெட்டுகிற செலவை மிச்சம் பிடித்த யாரோ ஒரு தொழிலாளி உளியால் குத்திய புள்ளி அது. விரல் நுனியால் தடவினால் மணல் பருக்கை மாதிரி படும். ஒரு டாலர் கண்ணாடியில் இவ்வளவு விவரம் கிடைக்கிறதே என்று எனக்கு இன்னும் வியப்புத்தான்.

இந்தப் பாதையின் உண்மையான சுவை வேறிடத்தில் இருக்கிறது. ஹெமிங்க்ரே மட்டும் இந்த வடிவத்தைச் செய்யவில்லை. நியூஜெர்சி மில்வில்லில் ‘விட்டால் டேட்டம்’ என்ற கம்பெனி ‘நம்பர் 1’ என்ற பெயரில் செய்தது. 1938-இல் அதை ஆர்ம்ஸ்ட்ராங் கம்பெனி வாங்கியது. வர்ஜினியாவில் லின்ச்பர்க் கம்பெனி ‘நம்பர் 44’ செய்தது. 1923 முதல் 1925 வரைதான் அது இன்சுலேட்டர் தொழிலில் இருந்தது, அவசர அவசரமாக வார்த்த கண்ணாடி என்று பார்த்தாலே தெரியும். நியூஜெர்சியின் கெய்னரும் 44 தான். கலிஃபோர்னியாவில் மெக்லாஃப்லின்-42, பிறகு மேட்வெல்-42. மெக்லாஃப்லினில் பச்சை வகைகள் மனதை அள்ளும். கனடாவில் டொமினியன்-42, அதில் வைக்கோல் நிறம் முதல் பீச் நிறம் வரை ஒரு திருவிழாவே இருக்கிறது. மெக்ஸிகோவுக்குப் போனதில் ‘டெலிகிராஃபோஸ் நேசியோனாலேஸ்’ என்று ஸ்பானிஷில் புடைத்திருக்கும்.

எல்லாம் ஒரே வடிவம் என்பதால் கண் வேறு எதிலும் அலையாது. நிறம், கண்ணாடியின் தரம், எழுத்தின் வெட்டு, அச்சு சேரும் கோடு எங்கே போகிறது என்பதெல்லாம் தானாகப் பிடிபடும். ஆறு மாதத்தில் எழுத்தைப் படிக்காமலே, தூரத்திலிருந்து இது விட்டால் டேட்டம், இது ஹெமிங்க்ரே என்று சொல்வீர்கள். பாவாடையின் அடிவிளிம்பில் சிலவற்றில் வரிசையாகச் சின்னப் பற்கள் இருக்கும், சிலவற்றில் வழவழவென்றிருக்கும். மழைநீர் விளிம்பெங்கும் பரவாமல் பல்நுனியில் சேர்ந்து சொட்டி விழட்டும், விளிம்பு சீக்கிரம் காயட்டும் என்பது அந்தப் பற்களின் யோசனை. 1893 மே 2 அன்று ஹெமிங்க்ரே குடும்பத்தின் பெயரில் அதற்குக் காப்புரிமை வந்தது. பழையவற்றில் பற்கள் கூர்மையாக இருக்கும். முழுப்பல் வரிசையோடு கிடைத்தால் அதிர்ஷ்டம், பாதிக்கு மேல் கிழவி வாய் மாதிரி பொக்கையாகத்தான் வரும்.

குறையும் உண்டு, மறைக்க மாட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். “எதுக்கு ஒரே சாமானை முப்பது வாங்கி வெச்சிருக்கீங்க?” என்று மாமியார் கேட்டார். அவர் கேட்ட அன்று என்னிடம் இருந்தது நாற்பத்திரண்டு, திருத்தவில்லை. முப்பதைத் தாண்டிய பிறகு புதிது கிடைப்பது திடீரென்று மெதுவாகிவிடும். மீதி இருப்பதெல்லாம் அபூர்வ நிறங்கள், அவற்றின் விலை இந்த வடிவத்துக்கே பொருந்தாதது போல இருக்கும்.

ஒரே கம்பெனி

கதை பிடித்தவர்களுக்கு இந்தப் பாதை. ஹெமிங்க்ரேயையே எடுத்துக்கொள்ளுங்கள். ராபர்ட் ஹெமிங்க்ரேயும் ரால்ஃப் கிரேயும் 1848-இல் சின்சினாட்டியில் ஆரம்பித்தார்கள். அப்புறம் ஒஹையோ ஆற்றைத் தாண்டி கென்டக்கியின் கோவிங்டன். 1880களில் கிழக்கு இண்டியானாவில் பூமிக்கடியில் இயற்கை எரிவாயு கிடைத்தது. கண்ணாடி உருக்குகிறவனுக்கு எரிபொருள் மலிவாகக் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? 1888-இல் மன்ஸி நகரத்துக்கு உலையைக் கொண்டுவந்தார்கள். ஊறுகாய் ஜாடிக்குப் பெயர்போன பால் சகோதரர்களும் அதே காலத்தில் அதே ஊருக்கு அதே வாயுவுக்காக வந்தவர்கள்தான். 1933-இல் ஓவன்ஸ்-இலினாய் என்ற கண்ணாடிக் கம்பெனி ஹெமிங்க்ரேயை வாங்கியது. மன்ஸியில் இன்சுலேட்டர் வார்ப்பது 1967-இல் நின்றது. நான் இருக்கிற இண்டியானாபொலிஸிலிருந்து மன்ஸி ஒரு மணி நேரம். பக்கத்து ஊரில் பிறந்த கண்ணாடி என்ற சொந்தம் ஒன்று வந்துவிடுகிறது, அதை மறுக்க முடியவில்லை.

ஹெமிங்க்ரேயைப் பிடித்தால் சிக்கல், அது செய்யாத வடிவமே இல்லை என்பது. வீட்டுக்கு இழுக்கும் டெலிபோன் கம்பிக்குச் சின்ன போனி, மின்சாரக் கம்பிக்கு இரட்டைக் காது வைத்த நம்பர் 60. காது இருப்பதால் அதை ‘மிக்கி மவுஸ்’ என்றே எல்லோரும் கூப்பிடுகிறார்கள். உயர் அழுத்தத்துக்கு வந்த மன்ஸி வகையை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள், கல்யாணச் சமையல் குண்டான் மூடி மாதிரி கனக்கும். நாலடித் தட்டில் அதற்கு இடமில்லை. தட்டும் தாங்காது.

கம்பெனிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் நான் ப்ரூக்ஃபீல்டைச் சொல்வேன். நியூயார்க் ப்ரூக்ளின் கம்பெனி. கோவேயின் காப்புரிமை இவர்கள் கைக்குத்தான் வந்து சேர்ந்தது, பழைய ப்ரூக்ஃபீல்டு சிலவற்றின் தலையில் கோவே பெயரும் 1865 தேதியும் இருக்கும். எனக்கு இவர்களிடம் பிடித்தது ஒன்று: கம்பெனி அலுவலகத்தின் தெரு விலாசத்தையே கண்ணாடியில் வார்த்துவிட்டார்கள். ‘55 ஃபுல்டன் தெரு’, ‘45 கிளிஃப் தெரு’, ‘83 ஃபுல்டன் தெரு’ என்று அலுவலகம் மாற மாற அச்சும் மாறியிருக்கிறது. கம்பத்தின் உச்சியில், எந்தத் தபால்காரனும் ஏறிப் படிக்காத இடத்தில் விலாசம்! ஆனால் இன்றைக்கு அதை வைத்துத்தான் கண்ணாடியின் வயதைக் கணிக்கிறோம்.

ப்ரூக்ஃபீல்டின் கண்ணாடி அழுக்கானது. உடைந்த பாட்டில், பழைய சில்லு எல்லாம் உலைக்குப் போயிருக்கிறது. குமிழிகள், சாக்லேட் போல ஓடும் பழுப்பு இழை, சில நேரம் உள்ளே ஒரு கரித்துண்டு. ஒழுங்கு பிடித்தவருக்கு ஹெமிங்க்ரே, குறையை ரசிக்கிறவருக்கு ப்ரூக்ஃபீல்டு. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை, சாதாரண வகைகள் இரண்டிலும் சில டாலர்தான்.

கனடாவில் இருக்கிற தமிழர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு. உங்களுக்குக் கம்பெனியை விட ரயில்பாதை நல்ல தலைப்பு. கனடியன் பசிபிக் ரயில்வேயின் பெயர் புடைத்த சி.டி. 143 அங்கே தாராளமாகக் கிடைக்கிறது. சிலவற்றில் பெயர் முழுசாக, சிலவற்றில் வெட்டிச் சுருக்கி. நிறங்களும் நிறைய.

ஊதா

இப்போது ஆபத்தான இடத்துக்கு வருவோம். தொடங்குகிற எல்லோரும் முதலில் மயங்குவது ஊதாவில்தான். நானும் மயங்கினேன்.

மணலில் இரும்பு இருக்கும். அதனால் கண்ணாடி இயல்பாகவே பச்சையோ நீலப்பச்சையோ ஆகிவிடும். அதை வெளுக்க மாங்கனீஸ் சேர்த்தார்கள். உலையிலிருந்து வரும்போது கண்ணாடி நிறமற்றுத்தான் இருக்கும். ஆனால் கம்பத்தின் மேல் வருஷக்கணக்கில் வெயில் காயும்போது, புற ஊதாக் கதிர் அந்த மாங்கனீஸை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரிப்பூ நிறம் ஏற்றிவிடும். தொழிற்சாலையில் யாரும் நினைக்காத நிறம் இது. லாங் பீச்சில் 1912 முதல் 1916 வரை நடந்த கலிஃபோர்னியா கண்ணாடி இன்சுலேட்டர் கம்பெனியின் சரக்கில் இந்த ஊதா ஏராளம், பெயரும் ‘கலிஃபோர்னியா’ என்றே புடைத்திருக்கும். விட்டால் டேட்டம் நம்பர் 1-லும் மெல்லிய ஊதா உண்டு. காலை வெயிலில் ஜன்னலில் வைத்தால் சுவரில் நிழலே ஊதாவாக விழும். விலை அதிகமாகத் தோன்றினாலும் கட்டுப்படியாகிற நிறம்தான்.

பிரச்சினை என்னவென்றால், வெயில் முப்பது வருஷத்தில் செய்வதை காமா கதிர் சில மணி நேரத்தில் செய்துவிடும். மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்க வைத்திருக்கும் கதிர்வீச்சுக் கூடத்தில் நிறமற்ற கண்ணாடியை வைத்து எடுத்தால் கரும் ஊதா. மாங்கனீஸ் இல்லாத கண்ணாடி என்றால் பழுப்பு, புகை நிறம். தொட்டால் நமக்கு ஆபத்து ஒன்றும் இல்லை, கண்ணாடி கதிரை வைத்துக்கொள்வதில்லை. பர்ஸுக்குத்தான் ஆபத்து.

நான் சேர்க்கத் தொடங்கிய இரண்டாம் வருஷம், ஆன்லைன் ஏலத்தில் ஒரு விட்டால் டேட்டம் வந்தது. படத்தில் திராட்சை ரசம் மாதிரி இருந்தது. 85 டாலருக்கு எடுத்தேன், தபால் தனி. பெட்டியைப் பிரித்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த மாதம் ஒரு சந்தைக்குக் கையில் கொண்டுபோனேன். எழுபது வயசுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர் ஒருவர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் மேசையிலிருந்து ஒரு ஊதாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவருடையது சலவை செய்து செய்து வெளிறிய ஊதாப் புடவை மாதிரி. என்னுடையது நேற்றுச் சாயம் போட்ட துணி. தலையும் பாவாடையும் உள்மரையும் ஒரே அடர்த்தி. “இந்தக் கம்பெனியில் இந்த அளவு அடர்த்தியை நான் பார்த்ததில்லை” என்று மட்டும் சொன்னார். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. இன்றைக்கும் அது குளியலறை ஜன்னலில் நிற்கிறது.

வீட்டில் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை என்று ஒன்று கிடையாது. சூட்டில் வைத்தால் நிறம் வெளுக்கும், ஆனால் வெயிலில் வந்த ஊதாவும் அதேபோல் வெளுக்கும். ஆகவே அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது, நல்லதைக் கெடுத்ததுதான் மிச்சம். இந்தக் கம்பெனியில், இந்த வடிவத்தில், இந்த அடர்த்தி உண்மையில் உண்டா என்ற அறிவு ஒன்றுதான் காப்பாற்றும். அந்த அறிவு நிறையக் கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் வரும். அதனால் ஊதாவைத் தலைப்பாக வைத்துத் தொடங்குவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் ஐம்பதில் ஒன்றோ இரண்டோ இருக்கட்டும், நேரில் பார்த்து வாங்கியதாக இருக்கட்டும்.

எங்கே வாங்குவது

எதைச் சேர்ப்பது என்பதைவிட எங்கே வாங்குவது என்பதில் தம்பி அதிகம் ஏமாறுவார் என்பது என் கணிப்பு. போனிலேயே ஒன்றைச் சொன்னார்: “எங்க வீட்டுப் பின்னாடி பழைய ரயில் தடம் போகுது அண்ணே. கம்பமெல்லாம் சாஞ்சு கெடக்கு. யாரும் கேக்கப் போறதில்ல.”

கேட்பார்கள். தடத்தை ஒட்டிய நிலமும் அதில் சாய்ந்து கிடக்கும் கம்பமும் பெரும்பாலும் ரயில்வே கம்பெனியின் சொத்து. எடுத்தால் திருட்டு, உள்ளே போனாலே அத்துமீறல். அதைவிடப் பெரிய விஷயம், பழைய தந்திக் கம்பம் என்று நாம் நினைப்பதில் சிக்னலுக்கான மின்சாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அழுகிய கம்பத்தில் ஏறுவதோ, கீழே நின்று கல்லெறிந்து உதிர்ப்பதோ பைத்தியக்காரத்தனம். ஏறவே ஏறாதீர்கள். நிலத்துக்காரர் யார், கம்பம் யாருடையது என்று கண்டுபிடித்து எழுத்தில் அனுமதி வாங்கினால் கீழே கிடப்பதைப் பொறுக்கலாம். நான் ஒரே ஒரு முறை ஒரு விவசாயியிடம் அப்படிக் கேட்டு வாங்கினேன். வேலியோரம் தோண்டியதில் ஆறு கண்ணாடி, நாலு உடைசல், கை முழுக்கக் கொப்புளம். சந்தோஷம் மட்டும் குறையில்லை.

பழம்பொருள் கடை வசதியானது, விலைதான் எப்போதும் கூட. தம்பி 12 டாலர் கொடுத்ததைச் சேகரிப்பாளர் கூடும் சந்தையில் 2, 3 டாலருக்கு மேசைக்கடியில் பெட்டியில் போட்டு வைத்திருப்பார்கள். கடைக்காரருக்கு வகை தெரியாது. அதனால் சாதாரணம் விலை கூடவும், எப்போதாவது அபூர்வம் விலை குறைவாகவும் கிடைக்கும். பின்னதை நம்பி முன்னதை வாங்கக் கூடாது.

ஆன்லைன் ஏலத்தில் எதுவும் கிடைக்கும். ஆனால் படத்தில் நிறம் பொய் சொல்லும், விளிம்பின் சில்லு தெரியாது. அரைக்கிலோவுக்கு மேல் கனக்கும் கண்ணாடிக்குத் தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டும். 1973-இல் தொடங்கிய நேஷனல் இன்சுலேட்டர் அசோசியேஷன் என்ற அமைப்பு இருக்கிறது. உறுப்பினர்கள் பல மாநிலங்களில் சந்தை நடத்துகிறார்கள். ஒரு பள்ளிக்கூட அரங்கம் முழுக்க மடக்கு மேசை போட்டு, பின்னால் விளக்கு வைத்து, கண்ணாடி அடுக்கியிருப்பார்கள். முதல் தடவை போகிறபோது பணத்தைக் காரிலேயே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் எடுத்துப் பார்த்துக்கொண்டே நடங்கள். வாங்குவதற்கு முன் விளிம்பைச் சுற்றி விரலால் ஒரு சுற்று தடவுங்கள். கண் தவறவிட்ட சில்லை விரல் பிடிக்கும்.

சொல்லாமல் விட முடியாத இன்னொரு இடம், ஓய்வுபெற்ற லைன்மேன் வீட்டு கராஜ். என்னிடம் இருப்பதில் பாதி அங்கிருந்து வந்தது. ‘கராஜ் சேல்’ பலகை பார்த்து நிறுத்தி, பழைய டெலிபோன் சாமான் ஏதாவது உண்டா என்று கேட்டேன். பெரியவர் உள்ளே போய் வைக்கோலில் புதைந்த மரப்பெட்டி ஒன்றைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்தெட்டு கண்ணாடி, 40 டாலர். நீராவி எஞ்சின் காலத்துக் கரி படிந்து எல்லாம் கறுப்பு. எது என்ன நிறம் என்று வீட்டுக்கு வந்து கழுவிய பிறகுதான் தெரிந்தது. அதில் பத்து மெக்லாஃப்லின் இருக்கும் என்று கலிஃபோர்னியாவில் இல்லாத நான் எப்படி எதிர்பார்ப்பேன்?

கழுவுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. வெந்நீரை ஊற்றாதீர்கள், குளிர்ந்த கண்ணாடி பட்டென்று விரிசல் விடும். கரிக்கும் துருக்கறைக்கும் ஆக்ஸாலிக் அமிலக் கரைசலில் ஓரிரு நாள் ஊற வைப்பார்கள். அது விஷம், கையுறை அவசியம், பிளாஸ்டிக் வாளி அவசியம், குழந்தைகள் எட்டாத இடம் அவசியம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், சமையலறைப் பாத்திரம் தேய்க்கிற பார் கீப்பர்ஸ் ஃபிரெண்டு பொடியிலும் அதே அமிலம்தான் இருக்கிறது. நாலு சுழியம் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வூல் கண்ணாடியைக் கீறாது. ஆனால் கார்னிங் கம்பெனியின் பைரெக்ஸ் இன்சுலேட்டர்கள் சிலவற்றின் மேல் வானவில் போல மின்னும் பூச்சு இருக்கும். அதன்மேல் ஸ்டீல் வூலைக் கொண்டுபோகாதீர்கள்.

தம்பிக்கு என் கணக்கு

300 டாலர், நாலடித் தட்டு, கிழக்கு ஜன்னல். சி.டி. 154-ஐயே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் வருஷம் நிறத்தைத் துரத்தாமல் கம்பெனியைத் துரத்துங்கள்: ஹெமிங்க்ரே, விட்டால் டேட்டம், லின்ச்பர்க், கெய்னர், மெக்லாஃப்லின், மேட்வெல், டொமினியன். ஏழு பெயர். ஒவ்வொன்றிலும் சில்லு இல்லாத சாதாரண நிறம் ஒன்று. சந்தையில் வாங்கினால் என் அனுபவத்தில் நூறு டாலருக்குள் முடியும். ஐம்பது டாலரைச் சந்தைக்குப் போய்வரும் பெட்ரோலுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வையுங்கள். மிச்சத்தில் ஒரு ஊதா, கையில் பிடித்து, விற்பவர் முகத்தைப் பார்த்து வாங்கியது. மீதியை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளுங்கள். அதற்குள் உங்கள் கண்ணே சொல்லும், ப்ரூக்ஃபீல்டின் அழுக்கு இழுக்கிறதா, ரயில்பாதை இழுக்கிறதா என்று.

இத்தனையும் எழுதி அனுப்பிவிட்டு, வாங்கிய இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். “ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே” என்று போனில் சொல்லியிருந்தார். படம் வந்தது. ஒன்று ஹெமிங்க்ரே-42, பல் முழுசாக. இன்னொன்றின் தலை உருண்டை, பாவாடை குட்டை, தேன்கூடு மாதிரி. பெரிதாக்கிப் பார்த்தேன். குமிழிகளுக்கு நடுவே தேய்ந்த எழுத்து: 45 கிளிஃப் தெரு.

“இது 154 இல்லையே, திருப்பிக் கொடுத்துடவா?” என்று கேட்டிருந்தார்.

“வேண்டாம், என்கிட்ட அனுப்பு” என்று பதில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து, “நானே வெச்சுக்கறேன்” என்று வந்தது.